மூத்துசாமி: ஒரு தீவுக் குடும்பப் பெயரின் வேரைத் தேடும் வழி

தமிழ்நாட்டின் எந்தச் சந்தையிலும் ‘முத்துசாமி’ என்று உரக்கக் கூப்பிட்டால் நாலு பேராவது திரும்பிப் பார்ப்பார்கள். நமக்கு அது ஆளின் பெயர். கரீபியன் கடலில் இருக்கும் குவாதலூப் தீவில் அதுவே குடும்பப் பெயர். 1981 முதல் 2002 வரை பிரெஞ்சு நாடாளுமன்றத்தில் அந்தத் தீவின் உறுப்பினராக இருந்தவர் எர்னெஸ்ட் மூத்துசாமி. டென்னிஸ் வீரர் ஆர்தர் ஆஷின் மனைவி, புகைப்படக் கலைஞர் ஜீன் மூத்துசாமி-ஆஷ். அவருடைய தந்தை ஜான் மூத்துசாமி, சிகாகோவில் ஜான்சன் பதிப்பக நிறுவனத்தின் தலைமையகத்தை வடிவமைத்த கட்டடக் கலைஞர். அந்தக் குடும்பத்தின் தந்தை வழியும் குவாதலூப்புக்கே போகிறது.

இப்படி ஒரு பெயரை வைத்துக்கொண்டு, ‘எங்கள் முன்னோர் எந்த ஊர்?’ என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பெரும்பாலும் தமிழ் அறியாதவர்கள். கேள்வி கடைசியில் தமிழ் தெரிந்த நண்பர் ஒருவரிடம் வந்து சேரும். முதன்முறையாக இந்த வேலையில் இறங்கும் அந்த நண்பருக்காகத்தான் இதை எழுதுகிறேன். மூத்துசாமியை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன். சிதம்பரோம், நகபின், வீரப்பூல்லே என்று எந்தப் பெயரானாலும் வழி இதுவே.

முதலில், இது எப்படிக் குடும்பப் பெயர் ஆனது?

இதைப் புரிந்துகொள்ளாமல் தேடத் தொடங்கினால் வழி தவறிவிடும். பிரெஞ்சுக் குடியேற்றங்களில் அடிமை முறை 1848இல் ஒழிக்கப்பட்டது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. பாண்டிச்சேரி, காரைக்கால் துறைமுகங்களிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக மக்களை ஏற்றிச் சென்றார்கள். மார்த்தினிக் தீவுக்கு முதல் கூட்டம் 1853 மே மாதம் போய்ச் சேர்ந்தது. குவாதலூப்பில் 1854 டிசம்பர் 24 அன்று ‘ஒரேலி’ என்ற கப்பல் கரை சேர்ந்தது. 1861இல் பிரிட்டனும் பிரான்சும் உடன்படிக்கை செய்துகொண்ட பிறகு, பிரிட்டிஷ் இந்தியப் பகுதிகளிலிருந்தும் ஆள் சேர்ப்பது முறைப்படுத்தப்பட்டது. 1880களின் இறுதி வரை குவாதலூப்புக்கு மட்டும் சுமார் 42,000 பேர் போனார்கள்.

போனவருக்கு ஒரே பெயர்தான் இருந்தது. முத்துசாமி என்றால் முத்துசாமி. தந்தை பெயரைத் தனியாகக் குறித்துக்கொண்டு, ஆளுக்கு ஒரு பதிவு எண் கொடுத்தார்கள். தீவில் அவருக்குப் பிள்ளை பிறந்தபோது பதிவேட்டில் இரண்டு இடங்களை நிரப்ப வேண்டியிருந்தது. முதல் இடத்தில் ழான், ஜோசஃப் போன்ற ஒரு கிறித்தவப் பெயர் வந்தது. இரண்டாவது இடத்தில் தகப்பனின் ஒற்றைப் பெயர் போய் அமர்ந்தது. அன்றோடு அது உறைந்துவிட்டது. பேரனும் கொள்ளுப்பேரனும் மூத்துசாமிதான். இந்தத் தீவின் இந்தியர்களுக்குக் குடியுரிமை கேட்டு 1904இல் தொடங்கி 1923 வரை போராடி வென்ற ஆன்றி சிதம்பரோம், 1863இல் குவாதலூப்பின் கபெஸ்தேரில் பிறந்தவர். அவருடைய குடும்பப் பெயரில் இருப்பதும் நம் ஊர்ச் சிதம்பரம்தான்.

ஆகவே இந்தக் குடும்பப் பெயர் ஒரு குலத்தையோ சாதியையோ ஊரையோ குறிப்பதில்லை. கப்பலேறிய ஒரே ஒரு மனிதரின் பெயர் அது. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நம்மவர்கள் கேட்கும் முதல் கேள்வியே ‘என்ன ஆட்கள்?’ என்பதாக இருக்கிறது. அதற்கு இந்தப் பெயரில் விடை கிடையாது. பெயரை மட்டும் பார்த்து நீங்களாக ஒரு சாதியைச் சொல்லிவிட்டால், பல ஆயிரம் மைலுக்கு அப்பால் இருப்பவர் அதை உண்மை என்று நம்பிக் குடும்ப வரலாற்றில் எழுதிக்கொள்வார். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

படி 1: பெயரைத் தமிழுக்குத் திருப்புங்கள்

எழுத்தைப் பார்க்காமல், பிரெஞ்சுக்காரர் படிப்பதுபோல் வாய்விட்டுப் படிக்க வேண்டும். குவாதலூப் ஆவணத்தில் எம், ஓ, யு, டி, ஓ, யு, எஸ், எஸ், ஏ, எம், ஒய் என்று இருக்கும். ஆங்கிலப் பழக்கத்தில் படித்தால் ‘மௌடௌசாமி’ என்று குழறும். பிரெஞ்சில் ஓ-யு சேர்ந்தால் ‘உ’ ஓசை. இரண்டு உயிரெழுத்துகளுக்கு நடுவே ஒற்றை எஸ் வந்தால் அது ‘இஸட்’ ஓசையாகிவிடும் என்பதால் எஸ்ஸை இரட்டிக்கிறார்கள். இந்த இரண்டு விதிகளைத் தெரிந்துகொண்டாலே ராமசாமியும் வீரசாமியும் ரங்கசாமியும் பளிச்சென்று தெரிவார்கள்.

‘அன்’ என்று முடியும் பெயர்கள் பலவும் பதிவேட்டில் ‘இன்’ என்று முடியும். நாகப்பன் நகபின் ஆகிறார். சாமிநாதன் சமினதின் ஆகிறார். ‘அம்’ என்பது ‘ஓம்’ அல்லது ‘ஓன்’ ஆகும். சிதம்பரோம், வைத்திலிங்கோன் ஆகியவை அப்படி வந்தவை. பிள்ளை என்பது ‘பூல்லே’ ஆகிறது; இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான ரீயூனியனின் அரசியல்வாதி ழான்-போல் வீரப்பூல்லேயின் பெயரில் இருப்பது அதுதான். மினாட்சி என்ற குடும்பப் பெயரைப் பார்த்து அது மீனாட்சி என்று கண்டுகொள்ளும்போது சற்று நில்லுங்கள். ஆணின் பெயர் குடும்பப் பெயராவது புரிகிறது, பெண்ணின் பெயர் எப்படி வந்தது? நம் முறைப்படி தாலி கட்டிய திருமணம் பிரெஞ்சுச் சட்டத்தின் முன் செல்லாது. பதிவு அலுவலகத்தில் மணம் செய்யாத தம்பதியின் பிள்ளை தாயின் பெயரிலேயே பதிவாவது வழக்கம். பெண்பால் குடும்பப் பெயரைக் கண்டால், தேட வேண்டியது பாட்டியை என்று குறித்துக்கொள்ளுங்கள்.

பாண்டிச்சேரியின் பிரெஞ்சுக் குடும்பப் பெயர்களை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அங்கே 1881 செப்டம்பர் 21 ஆணைப்படி, தங்கள் சமூக வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தை ஏற்றவர்கள் தாங்களே ஒரு குடும்பப் பெயரைத் தேர்ந்துகொண்டார்கள். பொன்னுத்தம்பி ‘லாபோர்த்’ என்ற பெயரை எடுத்துக்கொண்டது புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. அது விரும்பி எடுத்த பெயர். தீவுப் பெயர் எழுத்தர் எழுதிக் கொடுத்த பெயர்.

படி 2: எழுத்துக்கூட்டல்களின் பட்டியல் போடுங்கள்

ஒரு தாளில் அந்தப் பெயரை எத்தனை விதமாக எழுத முடியுமோ அத்தனையும் எழுதுங்கள். ஒற்றை எஸ், இரட்டை எஸ்; ஒற்றை டி, இரட்டை டி; முடிவில் ஒய் அல்லது ஐ; நடுவில் கோடு போட்டு ‘மூத்து-சாமி’; கடைசியாக, ‘மூத்து’ என்பதை முதற்பெயராகவும் ‘சாமி’யை மட்டும் குடும்பப் பெயராகவும் பிரித்த வடிவம். இந்தக் கடைசி வடிவத்தால் ஒரு கிளையே எஸ் வரிசைக்குப் போய் மறைந்திருக்கக்கூடும்.

கையெழுத்து தனியாக ஒரு சிக்கல். 19ஆம் நூற்றாண்டு எழுத்தர்களின் பேனாவில் யு-வும் என்-னும் ஒன்றுபோலவே இருக்கும். பின்னால் அட்டவணை எழுதியவர் அதை ‘மோந்துசாமி’ என்று படித்திருப்பார். ஒரு குடும்பத்துக்காக இரண்டு மாதம் தேடியும் கிடைக்காத பிறப்புப் பதிவு ஒன்று இப்படித்தான் எனக்குக் கிடைத்தது. அட்டவணையில் வேறு பெயர், உள்ளே மூலப் பக்கத்தில் சரியான பெயர். அன்றுமுதல் எம் வரிசை முழுவதையும் விரலை வைத்துக்கொண்டு படிக்கிறேன்.

கடல் மாறினால் எழுத்தும் மாறும். பிரிட்டிஷ் குடியேற்றங்களுக்குப் போன அதே முத்துசாமி, மொரீஷியஸில் இரட்டை ஓ போட்டு ‘மூட்டூசாமி’ ஆனார். தென்னாப்பிரிக்க டெஸ்ட் வீரர் செனுரான் முத்துசாமியின் பெயர் ஏறக்குறைய நம் ஊர் ஆங்கில எழுத்திலேயே இருக்கிறது. எழுத்துக்கூட்டலைப் பார்த்தாலே எந்த அரசின் எழுத்தர் பதிந்தார் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். ஓ-யு இருந்தால் பிரெஞ்சு ஆவணங்களுக்குப் போங்கள். இரட்டை ஓ இருந்தால் ஆங்கில ஆவணங்கள்: மொரீஷியஸ் என்றால் மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தின் குடியேற்றக் காப்பகம், தென்னாப்பிரிக்காவின் நேட்டால் என்றால் 1860 முதல் 1911 வரையிலான கப்பல் பட்டியல்கள்.

படி 3: எங்கே, எத்தனை பேர் என்று பாருங்கள்

பிரான்சின் தேசியப் புள்ளியியல் நிறுவனமான இன்செ, குடும்பப் பெயர்க் கோப்பு ஒன்றை இலவசமாக வெளியிட்டிருக்கிறது. 1891 முதல் எந்தப் பெயரில் எத்தனை பிறப்புகள், எந்த மாவட்டத்தில் என்று அதில் பார்க்கலாம். குவாதலூப்பின் எண் 971, மார்த்தினிக் 972, ரீயூனியன் 974. ஒரு பெயர் 971இல் குவிந்திருந்தால் தேட வேண்டிய தீவு தெரிந்துவிடும். 1960களுக்குப் பிறகு அதே பெயர் பாரிஸ் சுற்றுவட்டார மாவட்டங்களில் தலைகாட்டினால் வியப்பில்லை. 1963 முதல் 1981 வரை கடல்கடந்த மாவட்டங்களின் மக்களைப் பிரான்சு மண்ணுக்கு வேலைக்கு அழைத்துவர ஓர் அரசு அமைப்பே இயங்கியது.

இந்த எண்களை அப்படியே நம்பிவிடவும் கூடாது. மக்கள் பதிவேடு 1940களில்தான் உருவானது. அதற்கு முன்பே இறந்தவர்கள் பலர் அதில் ஏறவில்லை. எனவே பழைய பத்தாண்டுகளின் எண்ணிக்கை குறைவாகவே தெரியும். மிக அரிய பெயர்களைத் தனித்தனியாகக் காட்டாமல் ‘மற்றவை’ என்று சேர்த்துவிடுகிறார்கள். அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் பெயர்ப் பட்டியலும் 100 பேருக்குக் குறைந்த பெயர்களைக் காட்டாது. பட்டியலில் இல்லை என்றால் அந்தப் பெயரே இல்லை என்று எண்ண வேண்டாம்.

இன்செ 1970 முதலான இறப்புக் கோப்பையும் வெளியிட்டிருக்கிறது. புதிதாகத் தொடங்குபவருக்கு இதைவிடப் பயனுள்ளது வேறில்லை. இறந்தவரின் பெயர், பிறந்த நாள், பிறந்த ஊர் எல்லாம் அதில் இருக்கும். 1890களில், 1900களில் பிறந்த மூத்துசாமிகளைப் பிரித்தெடுத்து, அவர்கள் பிறந்த ஊர்களை வரிசைப்படுத்துங்கள். சேன்-பிரான்சுவா, கபெஸ்தேர் என்று சில ஊர்கள் திரும்பத் திரும்ப வரலாம். எந்த ஊர்ப் பதிவேட்டை முதலில் திறப்பது என்று அதை வைத்து முடிவு செய்யலாம்.

ஒன்றை மனத்தில் வையுங்கள்: ஒரே தீவில் இரண்டு மூத்துசாமி குடும்பங்கள் இருந்தால் அவர்கள் உறவினராக இருக்க வேண்டியதில்லை. முத்துசாமி என்ற பெயரில் பலர் கப்பலேறியிருக்கிறார்கள். மறுபக்கம், உடன்பிறந்த இருவர், ஒருவர் முத்துசாமி, மற்றவர் சின்னசாமி, ஒரே கப்பலில் போயிருந்தால் அவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு வெவ்வேறு குடும்பப் பெயர்கள் இருக்கும். அவர்கள் சொந்தப் பங்காளிகள். ஆனால் பெயரை வைத்து ஒருவரையொருவர் ஒருபோதும் கண்டுபிடிக்க முடியாது.

படி 4: பதிவேட்டைத் திறங்கள்

தேடலில் அதிக நேரம் எடுக்கும் படி இது. தென் பிரான்சில் எக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் நகரில் பிரெஞ்சுக் கடல்கடந்த நிலப்பகுதிகளின் தேசியக் காப்பகம் இருக்கிறது. பழைய குடியேற்றங்களின் பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவேடுகளை அது பக்கம் பக்கமாகப் படமெடுத்து இணையத்தில் வைத்திருக்கிறது. கட்டணம் இல்லை. குடியேற்றம், ஊர், ஆண்டு என்று தேர்ந்தெடுத்தால் பக்கம் திறக்கும்.

இந்தப் பதிவேடுகள் பிழைத்திருப்பதற்கு 1776ஆம் ஆண்டின் அரசாணை ஒன்று காரணம். குடியேற்றங்களின் பதிவேடுகளுக்குக் கூடுதலாக ஒரு படி எடுத்துப் பிரான்சுக்கு அனுப்ப வேண்டும் என்பது அந்த ஆணை. 1902 மே 8 அன்று மார்த்தினிக்கில் பெலே எரிமலை வெடித்துச் சேன்-பியேர் நகரமே அழிந்தது. அங்கிருந்த பதிவேடுகளும் எரிந்தன. பிரான்சுக்குப் போன படிகளால்தான் இன்று அந்த ஊர் மக்களின் பெயர்களைப் படிக்க முடிகிறது.

பின்னோக்கிப் போங்கள். தெரிந்த தாத்தாவின் பிறப்புப் பதிவிலிருந்து அவருடைய பெற்றோரின் திருமணத்துக்கும் அங்கிருந்து அடுத்த தலைமுறைக்கும் ஏறுங்கள். கப்பலில் வந்தவர் என்று உங்களுக்குத் தோன்றும் ஒருவரிலிருந்து கீழே இறங்காதீர்கள். அப்படிச் செய்பவர்கள்தான் அயலார் குடும்பத்தைத் தங்கள் குடும்பமாக்கிக்கொள்கிறார்கள். பத்தாண்டுக்கு ஒருமுறை அகரவரிசை அட்டவணை உண்டு. முதலில் அதைப் பாருங்கள். குடும்பப் பெயர் நிலைபெறாத தொடக்க ஆண்டுகளில், முதற்பெயரின் கீழும் பாருங்கள்.

பிரெஞ்சு தெரியாதே என்று தயங்க வேண்டாம். பதிவுகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. ‘நெசான்ஸ்’ பிறப்பு, ‘மரியாழ்’ திருமணம், ‘தெசே’ இறப்பு. ‘அபிதாசியோன்’ என்பது தோட்டம். அவர் எந்தக் கரும்புத் தோட்டத்தில் வேலை செய்தார் என்பது அதற்குப் பின்னால் வரும். ஆண்டை எண்ணால் எழுதாமல் சொல்லால் எழுதுவார்கள். பத்திருபது எண்ணுப்பெயர்களைப் பழகினால் போதும். ‘மத்ரிக்யுல்’ என்ற சொல்லைக் கண்டால் அங்கேயே நின்றுவிடுங்கள். அதன் பக்கத்தில் இருப்பது அந்த மனிதரின் பதிவு எண். ஒரே ஊரில் இருந்த இரண்டு முத்துசாமிகளைப் பிரித்துக் காட்டுவது அந்த எண் ஒன்றுதான். பெயரைப் பிழையாக எழுதிக்கொண்டாலும் சமாளிக்கலாம். எண்ணைப் பிழையில்லாமல் குறித்துக்கொள்ளுங்கள்.

எல்லாப் பதிவிலும் எண் இருக்காது. பிறப்பில் இல்லையென்றால் இறப்பில் பாருங்கள், அங்கும் இல்லையென்றால் அவருடைய மற்றப் பிள்ளைகளின் பதிவுகளில் பாருங்கள். எண் கிடைத்த பிறகு குவாதலூப்பின் கூர்பெய்ரிலோ மார்த்தினிக்கின் ஃபோர்-த-பிரான்சிலோ உள்ள மாவட்டக் காப்பகத்துக்கு எழுதிக் கேட்கலாம். குடியேறியவர்களின் பதிவேடு பிழைத்திருந்தால் கப்பல் பெயர், வந்த நாள், வயது, தந்தை பெயர், பிறந்த இடம் ஆகியவை கிடைக்க வாய்ப்புண்டு.

படி 5: ஊரை அணுகுவது

‘காரைக்காலில் பிறந்தவர்’ என்று பதிவு சொன்னால் உடனே காரைக்காலுக்கு டிக்கெட் எடுக்க வேண்டாம். பல பதிவுகளில் அது கப்பல் ஏறிய துறைமுகம் மட்டுமே. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்தோ தென்னார்க்காட்டிலிருந்தோ நடந்து வந்தவரையும் தீவின் எழுத்தர் காரைக்கால்காரராகவே எழுதிவிட்டார். ஊர்ப் பெயர் தனியாக இருந்தால் அதையும் படி 1இல் செய்ததுபோல வாய்விட்டுப் படித்துத் தமிழுக்குக் கொண்டுவர வேண்டும். ஒரே பெயரில் மூன்று நான்கு ஊர்கள் இருப்பது நம் நாட்டில் சாதாரணம். தாலுகா பெயர் இல்லாமல் முடிவுக்கு வராதீர்கள்.

அவர் பிரெஞ்சுப் பகுதியிலேயே பிறந்தவர் என்று உறுதியானால், பாண்டிச்சேரி, காரைக்கால் பதிவேடுகளும் அதே எக்ஸ் காப்பகத்தின் தளத்தில் உள்ளன. சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் குடிபெயர்வு தொடர்பான அரசாணைகளும் கடிதப் போக்குவரத்தும் இருக்கின்றன. தனி ஆளின் பெயரை அங்கே எதிர்பார்க்க வேண்டாம். அந்தக் காலத்தைப் புரிந்துகொள்ள அவை உதவும். மரபணுச் சோதனை தொலைதூர உறவினரைக் காட்டக்கூடும், ஊரைக் காட்டாது.

குடும்பத்தில் மூத்தவர் எவராவது இருந்தால், இவை எல்லாவற்றுக்கும் முன்பாகவே அவரிடம் பேசச் சொல்லுங்கள். ஊர்ப் பெயர் மறந்தாலும் சாமி பெயர் மறப்பதில்லை. அந்தத் தீவுகளில் மாரியம்மன் ‘மலியேமின்’ ஆகவும் மதுரைவீரன் ‘மல்தெவிலின்’ ஆகவும் இன்றும் இருக்கிறார்கள். ‘நகூர்மிரா’ என்று ஒருவரை வணங்குகிறார்கள். நாகூர் தர்காவின் மீரான்தான் அவர், கடல் கடந்தவர்களுக்குக் காவல். இவற்றைக் கொண்டு கிராமத்தை உறுதிசெய்ய முடியாது, ஏனென்றால் எல்லாப் பகுதிக்காரர்களும் அங்கே எல்லாரையும் வணங்கியிருக்கிறார்கள். ஆனால் பாட்டி முணுமுணுத்த ஒரு மந்திரத்திலோ தாலாட்டிலோ தமிழ்ச் சொல் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். அதைத் தொலைபேசியில் பதிவுசெய்து அனுப்பச் சொல்லுங்கள். அதை முதல்முறை கேட்கும்போது அவசரப்பட்டுப் பொருள் சொல்லாமல், நாலைந்து முறை கேளுங்கள்.

கடைசியாக, நீங்கள் கண்டடைந்ததை ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். மேலே அந்த முதல் மனிதரின் பெயரைத் தமிழில் ‘முத்துசாமி’ என்று எழுதுங்கள். அதன் கீழே பதிவேட்டில் உள்ளபடி பிரெஞ்சு எழுத்தில். அதன் கீழே பதிவு எண், தோட்டத்தின் பெயர், பக்கத்தின் இணைய முகவரி. உறுதியானதை மையால் எழுதுங்கள், ஊகத்தைப் பென்சிலால் எழுதுங்கள். எழுத்தும் எண்ணுமாக இருக்கும் அந்தத் தாளைப் பெற்றவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது ஒன்றுதான்: அந்தத் தமிழ் எழுத்தை எங்கிருந்து தொடங்கி எப்படி எழுத வேண்டும் என்று. ‘மு’வின் வளைவிலிருந்து தொடங்கிச் சொல்லிக் கொடுங்கள்.